ஜிம், டயட் எதையும் தொடர முடியவில்லை. ரசித்து வாழ்ந்தபடியே உடல் எடையைக் குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் கேள்வியின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "எந்த டயட்டும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை, எனக்கு மன உறுதியே இல்லையோ" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கினால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும். கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைந்துவிடும். அதற்கப்புறம் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் யாருக்கானாலும் எடை ஏறத்தான் செய்யும்.

எந்த மாற்றத்தைத் தொடங்கும் முன்பும் நான் என்னைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அறுபது வயதிலும் இதைச் சந்தோஷமாகச் செய்துகொண்டிருப்பேனா? ஆம் என்று தோன்றினால் மட்டும் தொடங்குவேன். அப்படியே போய் ஏறக்குறைய இரண்டு வருடங்களில் பத்துக் கிலோவுக்கு மேல் குறைந்தது, திரும்ப ஏறவும் இல்லை. மெதுவான வேகம்தான், ஆனால் ஒரு நாள்கூடப் பட்டினி கிடந்ததாக நினைவில்லை.

எனக்குப் பெரிய வித்தியாசம் காட்டியது மதியச் சாப்பாட்டுத் தட்டு. சமைத்த சாதம் 100 கிராமில் சுமார் 130 கலோரி. எண்ணெயை அளவாக விட்ட கோஸ் பொரியலோ சுரைக்காய்க் கூட்டோ அதே எடைக்கு ஏறக்குறைய அதில் பாதிதான் வரும். அதனால் சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, காயை இரண்டு கரண்டி கூட்டினேன். வயிறு நிறைகிறது, தட்டும் நிறைந்தே இருக்கிறது. "என்னடா, பொரியலைச் சாதம் மாதிரி சாப்பிடற?" என்று அம்மா முதலில் கேட்டார். இப்போது அவரே கீரை மசியலை இரண்டு மடங்கு செய்கிறார். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் எதையும் நான் விடவில்லை. வாழ்நாள் முழுக்க ரசம் சாதம் இல்லாமல் இருக்கச் சொல்லும் திட்டம் நம் ஊரில் நிலைக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது புரதம். நம் காலை உணவில் பெரும்பாலும் மாவுச்சத்துதான். நான்கு இட்லி சாப்பிடுகிற இடத்தில் இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும் வைத்துப் பாருங்கள். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, பதினொரு மணிப் பசி நன்றாகத் தள்ளிப்போகும். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு நிறையப் போட்ட அடை, பச்சைப்பயறு தோசை. மாலையில் சுண்டல். கடற்கரையில் பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்திலேயே சுண்டலும் கிடைக்கிறது, தேங்காய், மாங்காய் போட்டு. ருசியில் பஜ்ஜிக்குக் குறைந்ததில்லை.

சிறுதானியத்துக்கு மாறினால் எடை குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தினையிலும் வரகிலும் நார்ச்சத்து அதிகம், பிடித்திருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கலோரி கிட்டத்தட்ட அரிசி அளவுதான். வரகுப் பொங்கல் என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் இருக்காது.

எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்திக் கரண்டியால் அளந்து விட்டாலே மாதக் கடைசியில் தெரியும். எங்கள் வீட்டில் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்திருக்கிறோம், பண்டிகை மாதத்தில் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. காபியையும் விட வேண்டாம். ஆனால் நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 30 கிராமைத் தாண்டும். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். அப்புறம் டிகாக்‌ஷன் மணமே தனியாகத் தெரியும்.

நடையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். அரை மணி நேர வேக நடையில் எரிவது சுமாராக அந்த ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அளவுதான். நடந்து மட்டுமே எடையைக் குறைப்பது கஷ்டம். ஆனாலும் நடக்கச் சொல்வேன். அதற்குக் காரணம் நம் ஊரில் நடந்த ஓர் ஆய்வு. மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து 2006-இல் வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் 39.3 சதவீதம். இவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, இருந்தும் இந்தப் பலன். தராசு முள் நகரவில்லை என்று நடப்பதை நிறுத்த நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கே நடப்பது என்பதும் முக்கியம். சென்னை வெயிலில் பிடிக்காத இடத்தில் யாராலும் நடக்க முடியாது. எனக்கு விடியற்காலையில் நாகேஸ்வரராவ் பூங்கா, ஞாயிறன்று கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை மெரினா நடைபாதை, கூடப் பேச ஒரு நண்பர். வேலை நாட்களில் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, தரமணிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் திருவான்மியூரிலேயே இறங்கி நடந்துவிடுவேன். அந்த ஸ்டேஷன் படிக்கட்டுகளே நல்ல உடற்பயிற்சி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் வீட்டுக்குள்ளேயே பாட்டுப் போட்டு ஆடலாம். ஷட்டில் பிடித்தால் ஷட்டில், நீச்சல் பிடித்தால் நீச்சல்.

தூக்கத்தையும் சரிசெய்யுங்கள். ஐந்து மணி நேரம் தூங்கிய மறுநாள் பசி அதிகமாகத்தான் இருக்கும். தைராய்டு, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தாலோ, சர்க்கரைக்கு இன்சுலின், மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சாப்பாடு குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.

எடையை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். அதோடு இடுப்பையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நம்மவர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. சில மாதங்களில் எடை ஓரிடத்தில் நின்றுவிடும். உடல் இளைத்தால் அதற்குத் தேவையான ஆற்றலும் குறைகிறது, அதனால்தான். அப்போது சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தண்டால், தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள்.