மாத்திரைக்குள் நீர் போகும் வழி: கேள்வி பதில்

நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைகளை வடிவமைப்பது என் துறை. கேளுங்கள்.

பாம்பன்: தாத்தாவின் சர்க்கரை மாத்திரை பெரிதாக இருக்கிறது. இடித்துக் கொடுக்கலாமா ஐயா?

நீண்ட நேரம் வேலை செய்யும் வகை என்றால் கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே வேளையில் இரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் வேறு வடிவம் கேளுங்கள்.

ராமநாதபுரம், பி.ஃபார்ம் மாணவி: பெர்கொலேஷன் கோட்பாடு இதில் எங்கே வருகிறது?

நல்ல கேள்வி, மகளே. 1957-இல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி இருவரும் உருவாக்கிய கணிதம் இது. துளைகள் நிறைந்த பொருளுக்குள் திரவம் எப்போது மறுபக்கம் வரை போகும் என்பதே கேள்வி. 1980-களில் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தின் லாயன்பெர்கர் இதை மாத்திரைக்குக் கொண்டுவந்தார்.

நீரில் கரையாத எத்தில் செல்லுலோஸ் என்ற பாலிமருடன் மருந்தைக் கலந்து அழுத்துகிறோம் என்று வையுங்கள். மருந்து குறைவாக இருந்தால் துகள்கள் தனித்தனித் தீவுகள். விளிம்பில் உள்ளவை கரையும். மற்றவை உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் எல்லையில் தீவுகள் கைகோத்து ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை பாதை திறக்கும். இன்னும் கூட்டினால் இரண்டாவது எல்லை: இப்போது செல்லுலோஸ் தொடர்பறுந்து மாத்திரையே உதிரும். இரண்டுக்கும் இடையில்தான் நமக்கு வேலை.

நிறமுள்ள மருந்தால் செய்த மாத்திரையை நீரில் கரையவிடும் சோதனையின் பாதியில் எடுத்து பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிவட்டம் வெளிறி, நுண்துளைகளோடு இருக்கும். நடுவில் நிறம் மாறாத உலர்ந்த கரு. அந்தக் கரு சுருங்கச் சுருங்க மருந்து கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. அதனால்தான் வெளிவரும் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. ஹிகுச்சி சமன்பாடு இதுவே.

மண்டபம்: நாங்கள் எடுக்கும் கட்டக்கோரைப் பாசி மாத்திரைக்குப் போகிறதாமே?

அதிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள் அம்மா. அது நீரில் ஊறிக் கூழாகி மருந்தைப் பிடித்துவைக்கும். இங்கே ஆல்ஜினேட்தான் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். குறைந்தால் கூழ்ப்படலம் கிழிந்து மருந்து கொட்டிவிடும்.

தொண்டி: பாதை திறக்கும் அந்த முதல் எல்லை 31.16 சதவீதம் என்று படித்தேன். எடையில் 31 பங்கு மருந்து போட்டால் முடிந்ததுதானே?

இல்லை. அது எளிய கனசதுரப் பின்னலுக்கான எண், அதாவது ஒரே அளவு கட்டங்களை வரிசையாக அடுக்கிய கணித மாதிரிக்கானது. கணக்கு கன அளவில். மருந்தின் அடர்த்தி 1.5, பாலிமரின் அடர்த்தி 1.1 என்றால், எடையில் 31 என்பது கன அளவில் சுமார் 25 மட்டுமே.

தொண்டி: அப்படியானால் 25 எல்லைக்குக் கீழே. மருந்து வெளியே வராது!

அவசரம் வேண்டாம் தம்பி. மாத்திரையில் பத்து சதவீதம் காற்றிடம் இருந்தால் மருந்து 22. காற்றிடத்தையும் சேர்த்தால் 32. நீருக்கு இரண்டுமே வழிதான். துகளின் பருமன் மாறினால் எல்லையும் நகரும்.

ஏர்வாடி: கஞ்சியில் பொடித்துப் போடலாமா?

பாம்பன்காரருக்குச் சொன்னதேதான். பொடிக்காதீர்கள்.

தேவிபட்டினம்: மாத்திரை மலத்தில் முழுதாக வருகிறது!

சில வகைகளில் அது மருந்து வெளியேறிய வெறும் கூடு. உங்களுடையது அந்த வகைதானா என்று மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள்.

கீழக்கரை: வாப்பாவின் மூட்டுவலிக்கு எது நல்லது?

மருத்துவரைக் கேளுங்கள்.

தொண்டி: கடைசியாக ஒன்று. எல்லை 31 என்றால் மருந்தும் காற்றிடமும் சேர்த்து 33 வைத்தால் போதாதா?

விளிம்பில் நிற்காதீர்கள்! எல்லைக்கு அருகில் பரவல் வேகம், எல்லையிலிருந்து உள்ள தூரத்தின் ஏறக்குறைய இருபடியாக ஏறும். 33-இல் தூரம் 2, 35-இல் 4. இரண்டே புள்ளியில் வேகம் நான்கு மடங்கு. அழுத்தும் இயந்திரத்தின் விசை சற்று மாறினாலே காற்றிடம் அந்த அளவுக்கு மாறிவிடும். ஒரே ஆலையின் இரண்டு தொகுதிகள் இரண்டு மருந்துகள்போல நடக்கும். முதலில் எல்லை எங்கே என்று சோதித்துக் கண்டுபிடியுங்கள், பிறகு அதைவிட்டுத் தள்ளி வடிவமையுங்கள்.