லோடு வண்டிக்கு டோர் வைசர்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அண்ணே, சொந்தமா ஒரு தோஸ்த் மினி லாரி ஓட்டுறேன். கோயம்பேட்டுல விடிகாலை 3 மணிக்கு காய்கறி ஏத்தி வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் கடைங்களுக்கு இறக்குவேன். மழை வந்துட்டா கண்ணாடிய ஏத்துனா ஆவி புடிச்சு ரோடே தெரியல, இறக்குனா வலது தோள் தொப்பலா நனையுது. கதவுக் கண்ணாடிக்கு மேல டேப் வச்சு ஒட்டுற பிளாஸ்டிக் பட்டை, அதான் டோர் வைசர், அத போட்டா சரியாகுமா, எதப் பாத்து வாங்குறது?
(கோயம்பேடு வாசகர்)

பதில்: கண்டிப்பா போடுங்க தம்பி, அதுவும் ஐப்பசி மழை புடிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. நனையாம இருக்கறதுக்குன்னு நினைச்சுதான் எல்லாரும் வாங்குறாங்க, ஆனா பெரிய லாபம் ஆவி விஷயத்துலதான். நீங்களும் லோடுமேனும் ஈரச் சட்டையோட உள்ள உக்காந்து விடுற மூச்சுதான் மழைல சில்லுனு ஆயிருக்குற முன் கண்ணாடில போய் படியுது, துணிய வச்சு எத்தனை தடவ தொடச்சாலும் அடுத்த நிமிஷம் திரும்ப வந்துடும். வைசர் இருந்தா ரெண்டு பக்கமும் கண்ணாடிய ரெண்டு விரல் அளவு இறக்கி வச்சுட்டு ஓட்டலாம், ஓடுற வேகத்துல வெளிய போற காத்தே உள்ள இருக்குற ஈரக் காத்தை இழுத்துட்டுப் போயிடும். ஒரு பக்கம் மட்டும் இறக்காதீங்க, உள்ள வரவும் வழி வேணும்ல. சிக்னல்ல நிக்கும்போது இது வேலைக்கு ஆகாது, அப்போ புளோயர முன் கண்ணாடிக்குத் திருப்பி விட்டுடுங்க. 2025ல இருந்து புதுசா தயாராகுற 3.5 டன்னுக்கு மேல உள்ள லாரிங்களுக்கு கேபின்ல ஏசி கட்டாயம்னு ஆக்கிட்டாங்க, ஆனா தோஸ்த், குட்டியானை எல்லாம் அந்தக் கணக்குல வராது, அதனால நம்ம வண்டிக்கு இந்த வழிதான்.

வாங்கும்போது உங்க வண்டி மாடலுக்குன்னே வர்றத கேளுங்க. ஜிபி ரோட்டுல கடைக்கு கடை கிடைக்கும். எல்லா வண்டிக்கும் சேரும்னு குடுக்குற பீஸ் கதவோட வளைவுக்கு உக்காராது, அழுத்திப் புடிச்சு ஒட்டிடுவாங்க, அது தன் போக்குக்கு நிமிரப் பாத்துக்கிட்டே இருந்து ஒரு நாள் டேப்பையும் சேத்துக் கிளப்பிடும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர வெளிய அத வச்சுப் புடிக்கச் சொல்லிட்டு நீங்க டிரைவர் சீட்டுல உக்காந்து சைடு மிரரப் பாருங்க. வைசரோட முன் மூலை மிரர்ல கால்வாசிய மறைச்சாலும் வேணாம்னு சொல்லிடுங்க, அந்தக் கால்வாசிலதான் பைக்காரன் வருவான். கலர்ல லைட் ஸ்மோக் போதும், கரு கருன்னு இருக்கறது பகல்ல அழகா இருக்கும், உங்கள மாதிரி இருட்டுல ஓட்டுறவங்களுக்கு ஆபத்து.

கேள்வி: போன மாசம்தான் ஒட்டுனேன் சார், ஒரே வாரத்துல முன் பக்கம் தூக்கிக்கிச்சு. டேப் மோசமா?
(புழல் வாசகர்)

பதில்: டேப்ப மட்டும் குறை சொல்ல முடியாது சார். எனக்கும் இதே ஆச்சு. ஒரு கடைல பையன் அழுக்குத் துணியால கதவ ஒரு தேய் தேச்சுட்டு அஞ்சே நிமிஷத்துல ஒட்டிக் குடுத்துட்டான், அன்னைக்கு சாயங்காலமே நல்ல மழை, மூணாவது நாள் மதுரவாயல் பைபாஸ்ல காதுகிட்ட படபடன்னு சத்தம், ஓரங்கட்டிப் பாத்தா பாதி வைசர் காத்துல ஆடிட்டு இருக்கு. பின்னாடி வந்த பைக்காரர் மூஞ்சில பறந்து போய் அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நெஞ்சு பதறுது. அதனால உங்களுது தூக்கியிருந்தா அப்படியே ஓட்டாதீங்க, இன்னைக்கே கழட்டிடுங்க.

திரும்ப ஒட்டும்போது கதவ சோப்புத் தண்ணில கழுவி நல்லா காயவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால சுத்தமான துணில நனைச்சு டேப் உக்கார்ற கோடு முழுக்க தொடைங்க. பாலிஷ், வேக்ஸ் கொஞ்சம் இருந்தாலும் ஒட்டாது. பெட்ரோலும் தின்னரும் வேணவே வேணாம், அக்ரிலிக் வைசர் மேல பட்டா மயிரிழை மாதிரி விரிசல் விட்டுடும். மத்தியான வெயில்ல கதவு கொதிக்கும்போது ஒட்டாம நிழல்ல நிறுத்தி ஒட்டுங்க. டேப்போட காகிதத்த மொத்தமா உரிச்சுடாதீங்க, ரெண்டு முனையிலயும் ஒரு இஞ்சு உரிச்சு வெளிய மடிச்சு விட்டுட்டு, இடம் சரியான்னு பாத்து, முனைய அழுத்திட்டு அப்புறம் மிச்சத்த மெதுவா இழுங்க, ஏன்னா அந்த டேப் ஒரு தடவ பட்டா பட்டதுதான், எடுத்து ஒட்டுனா பாதி பலம் கூட இருக்காது. கட்டை விரலால ஒவ்வொரு இடமா நல்லா அழுத்துங்க. வைசருக்குப் போடுற விஎச்பி டேப் (ரெண்டு பக்கமும் ஒட்டுற கெட்டி டேப்) முழுசா புடிக்க 72 மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் வாட்டர் சர்வீஸ் விடாதீங்க, முதல் நாளாவது மழைல எடுக்காதீங்க. வானிலைய பாத்துட்டு ஒட்டுறது அதுக்குத்தான்.

கேள்வி: பவர் விண்டோ உள்ள பிக்கப். பீடிங்குக்குள்ள, அதான் கண்ணாடி ஓரத்து ரப்பருக்குள்ள, சொருகுற டைப் வைசர் போட்டேன், கண்ணாடி மேல வரைக்கும் போய்ட்டு தானா கீழ இறங்குது.
(தாம்பரம் வாசகர்)

பதில்: கை மாட்டிக்கிச்சுன்னு நினைச்சு மோட்டார் திருப்புது, வண்டில கோளாறு ஒண்ணும் இல்ல. வைசர் தடிமன் பீடிங்குக்குள்ள இடத்த அடைச்சுடுது. பட்டன விட்டு விட்டு அமுக்கி முழுசா ஏத்திட்டு ஒரு ரெண்டு நாள் அப்படியே மூடி வைங்க, ரப்பர் அமுங்கி இடம் குடுக்கும். அப்பவும் இறங்குனா சண்டை போடாதீங்க, கழட்டிட்டு வெளிய ஒட்டுற டைப்புக்கு மாறிடுங்க.

கேள்வி: பழைய வைசர எப்படி எடுக்குறது, பெயிண்ட் போயிடுமா?
(ராயபுரம் வாசகர்)

பதில்: ஹேர் டிரையர்ல சூடு காட்டி, பின்னாடி மீன் தூண்டிலுக்குப் போடுற தங்கூசி நரம்ப விட்டு ரம்பம் மாதிரி இழுங்க, டேப் அறுந்து வந்துடும். காசிமேடு பக்கத்துலயே இருக்கீங்க, நரம்புக்கு என்ன பஞ்சம். மிச்ச பசைய கட்டை விரலால உருட்டி உருட்டி எடுங்க, பிளேடு மட்டும் வைக்காதீங்க.