கணவர் தாமதமானால் வரும் அந்தப் பயம்

சகோதரி, கணவர் அரை மணி நேரம் தாமதமானால் பத்து முறை போன் செய்கிறேன், வந்ததும் சட்டையை முகர்ந்து பார்க்கிறேன், குடிக்காத மனிதரைச் சந்தேகப்படுவது வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அப்பாவைப் போல என் அப்பாவும் குடித்தவர்தான். அவர் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் எனக்குத் தெரிந்துவிடும். ஒரே தட்டில் ஸ்டாண்டு நின்றால் நிம்மதியாகச் சாப்பிடலாம். இரண்டு மூன்று தடவை இடறினால் தம்பியை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவேன். நாற்பது வயதாகியும் கேட் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. அன்று நம்மைக் காப்பாற்றிய பழக்கம் அது; அதற்காக வெட்கப்படாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? சட்டையை முகர்வதற்கு முன்னால் அவரிடமே சொல்லிவிடுங்கள்: "நீங்க லேட்டானா எனக்கு அப்பா ஞாபகம் வருது." என் மனைவியிடம் இதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருஷம் ஆனது. இப்போது வேலையிலிருந்து கிளம்பும்போதே ஒரு வரி மெசேஜ் போட்டுவிடுகிறாள்.

அப்புறம், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன. அப்பா வர வேண்டியதில்லை, நீங்கள் மட்டும் போகலாம். இரவில் மனம் தாங்காவிட்டால் 14416க்கு போன் செய்யுங்கள்; அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.