வீட்டுப் பச்சைக்கிளிக்கு லைசென்ஸ் உண்டா?

கேள்வி: ஆறு வருடமாக ஒரு பச்சைக்கிளி வளர்க்கிறோம். இது குற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். கிளியை விற்றவரோ, 5,000 ரூபாய் கொடுத்தால் லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா, இல்லை கூண்டைத் திறந்து விட்டுவிடலாமா? – ஒரு வாசகி, திருச்சி.

முதலில், அந்த ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்க யாரும் லைசென்ஸ் தர முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்படும் உயிரினங்களின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மைனாவும் சில்லைக் குருவியும் இதே கதைதான். சில்லைக்குச் சாயம் பூசி 'ஃபாரின் குருவி' என்று தலையில் கட்டுவார்கள், ஏமாறாதீர்கள்.

கிளி விற்றவர் காட்டும் சான்றிதழ் என்னவாக இருக்கும் தெரியுமா? மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பறவைகளைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கிறது சட்டம். அந்தப் பதிவுத் தாளைத்தான் உங்கள் கிளிக்கு என்று நீட்டுவார்கள். எதிர்வீட்டுப் பையன் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறானே என்று கேட்பீர்கள். வளர்க்கலாம். அவன் கூண்டில் இருப்பது ஆஸ்திரேலியக் குட்டிக் கிளி. நம் காட்டிலிருந்து பிடித்ததல்ல, கூண்டிலேயே குஞ்சு பொரித்து வருவது. அதற்குப் பதிவும் தேவையில்லை. உங்களுடையது மரப்பொந்திலிருந்து குஞ்சாக உருவியது. பறவையின் ஊர் எது என்பதுதான் கணக்கு. கடையில் பில் போட்டுத் தந்தாலும் இது மாறாது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதே குஞ்சுகளைக் கூடை கூடையாக வைத்து விற்கிறார்கள். அவர்களைக் கண்டுகொள்ள ஆளில்லை. 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு கிளி ஜோசியர் ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று சொன்ன பிறகுதான் வனத்துறைக்கு அவர் கூண்டு கண்ணில் பட்டது!

கூண்டை மட்டும் திறந்துவிடாதீர்கள். இறகு வெட்டிய கிளி சரியாகப் பறக்காது, இரை தேடவும் தெரியாது. பூனைக்கோ காக்கைக்கோ ஒரே நாளில் இரையாகும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். தானாகக் கொண்டுவந்து கொடுப்பவர்மேல் பெரும்பாலும் வழக்குப் போடுவதில்லை. சோதனையில் சிக்கினால்தான் தொல்லை. 'இங்கே இல்லை, அங்கே போங்கள்' என்று அலையவிட்டால் மாவட்ட வன அலுவலருக்கு ஒரு மனு எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். கிளியைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தரமாட்டார்கள்.