மழை நீரும் மாநகராட்சியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 30க்கு 40 சைட்டில் வீடு. சட்டப்படி மழைநீர்க் குழி போட்டோம். நாலு வருஷமாக மழை வந்தாலே குழி நிரம்பி வாசலில் வழிகிறது. சும்மா கணக்குக்குத்தானா இது?
– அல்சூர் வாசகி

பதில்: கணக்குக்கு இல்லை. பெங்களூரில் வருஷத்துக்குச் சுமார் 970 மி.மீ. மழை பெய்கிறது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவதில் எண்பது சதவீதம் பிடித்தாலே 72,000 லிட்டர்; 12,000 லிட்டர் டேங்கர் ஆறு. காவிரித் தண்ணீரோ நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு உங்கள் சம்புக்கு வருகிறது.

குழி வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் வண்டல். மூடியைத் திறந்து பாருங்கள். மேல் ஜல்லி சேறு பூசி, இலையும் பிளாஸ்டிக் கவருமாக இறுகிக் கிடக்கும். ஜல்லியை எடுத்துக் கழுவிப் போடுங்கள். வண்டல் மறுபடி சேராதிருக்க, முதல் ஒன்றிரண்டு மி.மீ. மழையை வெளியே விட வேண்டும். உங்கள் மாடிக்கு அது 90 முதல் 180 லிட்டர். நாலு இஞ்ச் குழாய் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும் என்பதால், அந்த முதல் நீரைப் பிடிக்கப் பிளம்பர் வைக்கும் முழங்கை நீளக் குழாய் போதாது. 200 லிட்டர் டிரம் வையுங்கள். டிரம்மின் அடியில் சிறு துளை இருந்தால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும்.

இடமிருந்தால் குழிக்குப் பதில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணறே நல்லது. மூன்றடி விட்டம், இருபதடி ஆழத்துக்குத் துளையுள்ள சிமெண்ட் உறை இறக்கினால் 4,000 லிட்டர் கொள்ளும். ஜல்லி உறைக்கு வெளியே மட்டும். உள்ளே கொட்டினால் பாதி இடம்கூட மிஞ்சாது.

சட்டம் 2009லேயே வந்துவிட்டது. சட்டப்படி போட வேண்டிய வீட்டில் குழி இல்லையென்றால் தண்ணீர் பில்லில் அபராதமும் உண்டு. அபராதத்துக்குப் பயந்து குழாய் மாட்டுகிறார்கள். அதில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை. மாதாமாதம் மீட்டர் பார்க்க வருகிறவரே, மே மாத மழைக்கு முன் மூடியைத் திறந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். புது அபராதங்களைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கனமழை பெய்தால் தெரு மேன்ஹோல் பொங்கிச் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. யாரிடம் என்ன கேட்பது?
– விவேக்நகர் வாசகர்

பதில்: பாதாளச் சாக்கடைக் குழாய் கழிவுநீர் அளவுக்குத்தான் போடப்பட்டது. தெருவில் பல வீடுகளின் மாடிக் குழாய் அதில் சேர்ந்தால் பொங்காமல் என்ன செய்யும்? உங்கள் வீட்டைச் சோதிப்பது சுலபம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மாடியில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே கழிவுநீர்ச் சேம்பரில் சலசலத்தால் இணைப்பு தப்பு.

மனுவை இரண்டாக எழுதுங்கள். மேன்ஹோலும் தப்பான இணைப்பும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. 1916ல் புகார் பதியலாம். மழைநீர் ஓடும் தெருவோர மோரி மாநகராட்சியுடையது. 2025ல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்து அனுப்புங்கள். ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

மோரியோரம் மீள்நிரப்புக் கிணறு கேட்பதும் நியாயமே. கப்பன் பார்க்கிலும் லால்பாக்கிலும் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் மோரியில் சாக்கடை கலக்கிறதென்றால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அக்கம்பக்கத்து போர்வெல் அத்தனையும் கெடும். கிணற்றுக்கு முன்னால் வண்டல் தொட்டி அவசியம். அதை வாருவது யார், எந்த மாதம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மாடி மழைநீரைக் குடிக்கலாமா?
– ஸ்ரீராமபுரம் வாசகி

பதில்: வடிகட்டி சம்பில் விட்டால் துணி துவைக்க, வீடு துடைக்க, கழிப்பறைக்குத் தாராளம். மாடியில் புறா எச்சமிருக்கும். கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.