நெபொ: ஆதி ஸ்லாவியரின் வானம்

கேள்வி: ரஷ்ய மொழியில் வானம் 'நெபொ', பன்மையில் 'நெபெஸா'. நடுவில் 'எஸ்' எங்கிருந்து வருகிறது?

பதில்: அது சொல்லின் பகுதியிலேயே இருப்பது. மரம் 'மரத்து' ஆவதுபோல் இதையும் சாரியை என்று கொண்டால் தவறாகும். ரஷ்யன், போலிஷ், செர்பியன் ஆகியவற்றின் தாயான ஆதி ஸ்லாவியத்துக்கு எழுத்துச் சான்று கிடையாது. கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்ட வடிவம் *நெபொ. உடுக்குறி மீட்டுருவாக்கத்தைக் காட்டும். பகரத்தை 'அன்பு' என்பதில் போல ஒலிக்க வேண்டும்.

இதன் இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் முதல், இரண்டாம், விளி வேற்றுமைகள் '-ஒஸ்' என முடிந்தன. மற்ற வேற்றுமைகளில் அது '-எஸ்-'. சமஸ்கிருத 'நபஸ்', மேகத்தைக் குறிக்கும் கிரேக்க 'நெபொஸ்', இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய பண்டை மொழியான ஹிட்டைட்டின் 'நெபிஸ்' எல்லாம் உடன்பிறப்புகள். சமஸ்கிருதத்தில் எகரமும் ஒகரமும் அகரமாகிவிட்டன. கிரேக்கத்தில் இரு உயிர்களுக்கு இடைப்பட்ட ஸகரம் உதிர்ந்தது. ஸ்லாவியம் இழந்தது சொல்லிறுதி ஸகரத்தை மட்டுமே. பழைய 'எஸ்' இங்கே உயிரோடும் மெய்யோடும் பிழைத்திருக்கிறது. ஒப்பிலக்கணம் பயில்வோர் இந்தச் சொல்லைத் தவறவிடக்கூடாது.

கேள்வி: வேற்றுமை வடிவங்களைத் தருவீர்களா?

பதில்: ஒருமையில் முதல், இரண்டாம், விளி வேற்றுமைகள் மூன்றும் *நெபொ. ஆறாவதும் ஏழாவதும் *நெபெஸெ, நான்காவது *நெபெஸி, மூன்றாவது *நெபெஸிமி. ஐந்தாவதன் வேலையை ஆறாவதே செய்யும். பன்மையில் முதலும் இரண்டாவதும் *நெபெஸா, ஆறாவது *நெபெஸு, நான்காவது *நெபெஸிமு, ஏழாவது *நெபெஸிஹு. இரண்டைக் குறிக்கும் இருமை எண்ணும் உண்டு: முதலும் இரண்டாவதும் *நெபெஸே, ஆறாவதும் ஏழாவதும் *நெபெஸூ, மூன்றாவதும் நான்காவதும் *நெபெஸிமா.

பலர் சறுக்குவது ஒலிப்பில். 'ஸிமி'யின் இரு இகரங்களும் 'ஸிஹு'வின் இகர உகரங்களும் நம் குற்றியலிகரம், குற்றியலுகரம்போல் தேய்ந்தவை. நான்காம் வேற்றுமை ஒருமையின் இகரமோ தேயாத முழு உயிர். இந்த வேறுபாட்டை விட்டால், தேய்ந்தவை பின்னால் ஏன் மறைந்தன அல்லது எகரமாயின என்பது விளங்காது. ஸ்லாவியக் கிறித்தவர்களின் பழைய வழிபாட்டு மொழியான திருச்சபை ஸ்லாவியத்தில் 'விண்ணுலகில்' என்பது 'நா நெபெஸெஹ்' ஆனது இப்படித்தான்.

கேள்வி: அப்படியானால் ரஷ்ய ஆறாம் வேற்றுமை ஏன் 'நெபா'?

பதில்: 'இடம்' என்று பொருள்படும் 'மெஸ்தொ' போன்ற, ஒகரத்தில் முடியும் பெருவாரியான சொற்கள் இதையும் தம் வழிக்கு இழுத்துக்கொண்டன. பன்மையில் 'எஸ்' நிலைத்ததற்குத் திருச்சபை மொழியின் செல்வாக்கு பெருங்காரணம். ஒருமையிலும் அதன் தடம் உண்டு: ரஷ்யனின் இயல்பான ஒலிமாற்றப்படி இந்தச் சொல் 'நியோபொ' ஆகியிருக்க வேண்டும். அந்த வடிவம் இன்று வாயின் மேல் அண்ணத்துக்குப் பெயராக இருக்கிறது.