பதில்: பாரன் வழக்கில் உரிமைச் சாசனம் ஏன் கைகொடுக்கவில்லை?

"அமெரிக்க உரிமைச் சாசனம் 1791-லேயே வந்துவிட்டதே, 1833-ல் பாரன் ஏன் தோற்றார்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான குழப்பம்தான். பால்டிமோர் நகராட்சி ஓடைகளைத் திருப்பிவிட்டதில் அவருடைய படகுத்துறையில் மண் சேர்ந்து கப்பல் வர முடியாமல் போனது. இழப்பீடு கேட்டார். உரிமைச் சாசனம், அதாவது அரசியல் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்கள், மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களையும் அவற்றின் நகராட்சிகளையும் அல்ல என்று தலைமை நீதிபதி மார்ஷல் சொல்லிவிட்டார்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868-ல் வந்த 14-வது திருத்தம்தான் மாநிலங்களின் கையைக் கட்டியது. அதுவும் உடனே இல்லை. சாசனத்தின் உரிமைகள் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாகத்தான் சேர்த்தது. பேச்சுரிமைக்கு 1925-ன் கிட்லோ வழக்கு.

அப்புறம் 1963-ன் கிடியன் வழக்கை அவசியம் படியுங்கள். வக்கீல் வைக்கக் காசில்லாதவர், புளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதினார். வக்கீல் பெறும் உரிமை மாநில நீதிமன்றங்களிலும் உண்டு என்று ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். மறுவிசாரணையில் வக்கீல் வாதாட, விடுதலையானார்.